பென்ஸ் வண்டியின் பெயரைப் படிக்கும் முறை

மெர்சிடிஸ்-பென்ஸ் விற்பனைக் கூடம் ஒன்றினுள் நுழைந்து, அங்கே வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும் வண்டிகளின் பின்புறத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நடப்பவர், சி 200, இ 220 டி, ஜிஎல்சி 300, எஸ் 450, சி 63 என்று எழுத்தும் எண்ணுமாகப் பொறிக்கப்பட்டிருப்பவற்றைக் கண்டு, இவற்றுள் எது பெரிது, எது சக்தி மிகுந்தது, எது டீசலில் ஓடுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்தப் பொறிப்பிலேயே அடங்கியிருக்கிறது என்பதை அறியாமல், விற்பனையாளர் சொல்வதற்கெல்லாம் தலையசைத்துவிட்டுத் திரும்புவதே பெரும்பாலும் நடைபெறுகிறது.

அந்நிலை மாற வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் உத்தேசம். பென்ஸ் வண்டியின் பெயரில் மூன்று பாகங்கள் உண்டு. முன்னால் நிற்கும் எழுத்து வண்டியின் வர்க்கத்தையும் உருவத்தையும் தெரிவிக்கும். நடுவிலுள்ள எண், அந்த வர்க்கத்துக்குள் வண்டியின் சக்தி எந்தப் படியில் நிற்கிறது என்பதைத் தெரிவிக்கும். கடைசியில் வரும் சிறிய எழுத்தும் சொல்லும், அது எதனால் ஓடுகிறது, எத்தனை சக்கரங்களுக்கு விசை செல்கிறது என்பவற்றைத் தெரிவிக்கும். முதற்பாகத்தையும் கடைசிப் பாகத்தையும் தாராளமாக நம்பலாம். நடுவிலுள்ள எண்ணை மட்டும், வண்டி பிறந்த வருஷத்தை விசாரித்துக்கொண்ட பிறகே நம்ப வேண்டும். இதன் காரணம் விளங்க வேண்டுமானால் இந்தப் பெயர்முறையின் சரித்திரத்தைச் சிறிது பார்த்தாக வேண்டும்.

எண்ணே பெயராக இருந்த காலம்

1926-ஆம் வருஷம் டைம்லர் கம்பெனியும் பென்ஸ் கம்பெனியும் ஒன்றாய் இணைந்தபோது, டைம்லர் வண்டிகளுக்கு ஏற்கெனவே வழங்கிவந்ததும், அவ்வண்டிகளை விற்றுவந்த எமில் யெலினெக் என்பவருடைய மகளின் பெயருமான மெர்சிடிஸ் என்பது, பென்ஸ் என்பதோடு சேர்ந்து புதிய ஸ்தாபனத்தின் வண்டிகளுக்குப் பொதுப் பெயராயிற்று. தனித்தனி வண்டிகளை இனம் பிரித்துக் காட்ட அங்கே நிலைபெற்ற வழி மிகவும் எளியது: யந்திரத்தின் கொள்ளளவை லிட்டர் கணக்கில் எடுத்து, நூறால் பெருக்கி, வருகின்ற எண்ணையே பெயராக வைத்தார்கள். 170 என்றால் 1.7 லிட்டர், 220 என்றால் 2.2 லிட்டர், 300 என்றால் 3 லிட்டர். எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்துச் சேர்ந்தால் அது ஏதேனும் ஒரு விசேஷத்தைக் குறித்தது. 1936-ல் வெளிவந்த 260 டி-யில் அந்த விசேஷம் டீசல் யந்திரம். பிற்காலத்து 500 எஸ்இஎல் என்னும் பெயரில் 'எஸ்' உயர்ந்த வகுப்பையும், 'இ' பெட்ரோலை யந்திரத்துக்குள் பீய்ச்சிச் செலுத்தும் அமைப்பையும், 'எல்' நீட்டிய உடலையும் குறித்தன. ஆனால் 1954-ன் புகழ்பெற்ற 300 எஸ்எல் பந்தயக் களத்தில் பிறந்த இலகுவான வண்டி. அதிலுள்ள 'எல்' கனம் குறைந்தது என்பதற்கு அடையாளமேயன்றி நீளத்துக்கு அடையாளமன்று.

கொள்ளளவையே பெயராக்கும் இந்த முறை, வண்டி வகைகள் சிலவாக இருந்தவரையில் குறையின்றி நடந்தது. ஒரே அளவு யந்திரத்தை இருவேறு உடல்களில் பூட்ட நேர்ந்தபோதுதான் சிக்கல் முளைத்தது. 1982-ன் இறுதியில் கம்பெனி ஒரு சிறிய காரை வெளியிட்டது. அதன் யந்திரம் 1,997 சிசி. பழைய கணக்குப் பிரகாரம் அதன் பெயர் 200 என்றிருக்க வேண்டும். ஆனால் 200 என்ற பெயரில் அதைவிடப் பெரிய கார் ஒன்று ஏற்கெனவே விற்பனையில் இருந்தபடியால், சிறிய வண்டிக்கு 190 என்று பெயரிட்டார்கள். பின்னர் அதே சிறிய உடலில் 2.3 லிட்டர் யந்திரத்தையும் 2.6 லிட்டர் யந்திரத்தையும் பொருத்தியபோது, 190 இ 2.3 என்றும் 190 இ 2.6 என்றும், ஒன்று உடலுக்கும் ஒன்று யந்திரத்துக்குமாக இரண்டு எண்கள் ஒரே பெயரில் ஏற வேண்டியதாயிற்று. எண் ஒன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்ற பழைய நம்பிக்கை அங்கேயே தளர்ந்துவிட்டது.

எழுத்து முன்னால் வந்தது

1993-ல் கம்பெனியார் வரிசையைத் தலைகீழாகத் திருப்பினார்கள். எழுத்து முன்னும் எண் பின்னுமாக, 500 எஸ்இஎல் வகை எஸ் 500 ஆயிற்று. 500 இ என்பது இ 500 ஆயிற்று. 190-க்குப் பின் வந்த புதிய சிறிய கார் சி-கிளாஸ் என்ற பெயரோடு அதே வருஷம் பிறந்தது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இங்கே ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும்: 500 இ-யில் உள்ள 'இ' எரிபொருள் பீய்ச்சும் முறைக்கு உரியது, இ 500-ல் உள்ள 'இ' வர்க்கத்தின் பெயர். அந்த எழுத்து பின்னால் நின்றால் அது யந்திரத்தின் லக்ஷணம். முன்னால் நின்றால் அது வண்டியின் அந்தஸ்து.

வர்க்கங்களின் வரிசையை மனத்தில் இருத்துவது கஷ்டமில்லை. ஏ, பி, சி, இ, எஸ் என்று ஆங்கில நெடுங்கணக்கில் பின்னால் வர வர வண்டி பெரிதாகும், விலையும் ஏறும். ஏ-கிளாஸ் 1997-ல் வந்த சிறிய கார், பி-கிளாஸ் அதே அடித்தளத்தில் உயரமாகக் கட்டிய குடும்ப வண்டி, சி நடுத்தர அளவு, இ அதற்கு மேல், எஸ் உச்சிப்படி. எஸ்-கிளாஸ் என்ற பெயர் மற்றவற்றுக்கெல்லாம் முந்தியது. 1972-லேயே அது அதிகாரபூர்வமாக வழக்குக்கு வந்துவிட்டது.

2015-ன் சீர்திருத்தம்

செடான் வண்டிகளின் வரிசை இப்படி ஒழுங்கானாலும், கரடுமுரடான பாதைக்கென வந்த உயரமான வண்டிகளின் பெயர்களில் ஒழுங்கு ஏற்படவில்லை. 1997-ல் எம்எல், 2006-ல் ஜிஎல், 2008-ல் ஜிஎல்கே என்று ஒவ்வொன்றும் பிறந்த காலத்தில் தோன்றிய பெயரைப் பெற்றன. இவற்றுள் எது பெரிது என்பதைப் பெயரைக் கொண்டு ஒருவராலும் சொல்ல முடியாது. 2014 நவம்பரில் கம்பெனி ஒரு திட்டத்தை அறிவித்து, மறு வருஷமுதல் அமலுக்குக் கொண்டுவந்தது. உயரமான வண்டிகள் யாவும் 'ஜிஎல்' என்று தொடங்க வேண்டும். அதன் பின் வரும் மூன்றாவது எழுத்து, எந்தச் செடான் வர்க்கத்துக்கு அது சமானம் என்பதைக் காட்ட வேண்டும். அதன்படி ஜிஎல்கே ஜிஎல்சி ஆயிற்று. எம்எல் ஜிஎல்இ ஆயிற்று. ஜிஎல் ஜிஎல்எஸ் ஆயிற்று. ஜிஎல்ஏ முன்பே இந்த முறைக்குப் பொருந்தியிருந்தது. ஜிஎல்பி 2019-ல் வந்து சேர்ந்தது.

நம் சங்கீத சம்பிரதாயத்தில் சங்கராபரணம் என்ற பழைய இராகத்துக்குத் 'தீர' என்ற முன்னொட்டைச் சேர்த்து, முதல் இரண்டு எழுத்துகளைக் கொண்டே அது இருபத்தொன்பதாவது மேளம் என்று கண்டுகொள்ளும்படி செய்தார்கள் அல்லவா? கம்பெனியின் ஊரான ஸ்டுட்கார்ட்டில் நடந்ததும் அதே காரியந்தான். இராகம் மாறவில்லை, திட்டத்துக்கு இசைய நாமம் மாறியது. ஆதலால் 2014-ன் எம்எல் வண்டியையும் 2016-ன் ஜிஎல்இ வண்டியையும் அருகருகே கண்டால் அவற்றை இரு வேறு ஜாதி என்று எண்ணிவிடக் கூடாது. உடலும் அடித்தளமும் பெரும்பாலும் ஒன்றே.

உயரமான வண்டிகளுள் இந்தச் சீர்திருத்தத்துக்கு உட்படாமல் நின்றது 'ஜி' ஒன்றுதான். 1979 முதல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் கட்டப்பட்டுவரும், பெட்டி போன்ற அந்த வண்டிக்கு இணையான செடான் கிடையாது. அதனால் அதன் பெயரோடு வேறெழுத்துச் சேரவில்லை. தாழ்ந்த கூரையுள்ள நான்கு கதவு வண்டிகளுக்குச் 'சிஎல்' என்பது தலையெழுத்து: சிஎல்ஏ, சிஎல்எஸ். 2023-ல் வந்த சிஎல்இ மட்டும் இரண்டு கதவு வண்டி. சி வர்க்கத்தின் கூபேயும் இ வர்க்கத்தின் கூபேயும் அந்த ஒரே வண்டிக்குள் அடங்கின. திறந்த கூரைப் பந்தய வகையில் எஸ்எல்கே என்பது எஸ்எல்சி ஆயிற்று. எஸ்எல் பழைய பெயரோடே நீடித்தது.

எண் சொல்வதும் சொல்லாததும்

இனி, வாங்குபவர்கள் பெரும்பாலும் இடறி விழும் இடத்துக்கு வருவோம். எண் யந்திரத்தின் கொள்ளளவைக் குறித்த காலம் வெகுநாளைக்கு முன்பே போய்விட்டது. 2000-ஐ ஒட்டி விற்ற சி 240 வண்டியினுள் இருந்தது 2,597 சிசி யந்திரம். பெயர் உள்ளதைவிடக் குறைத்தே சொல்லிற்று. அதன்பின் டர்போ பரவலானதும், ஒரே யந்திரத்தைப் பல பெயர்களில் விற்பது சாதாரணமாயிற்று. பத்து, பதினைந்து வருஷங்களுக்கு முன் விற்ற சி-கிளாஸ் டீசல் வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சி 200 சிடிஐ, சி 220 சிடிஐ, சி 250 சிடிஐ என்று மூன்று பெயர்கள். மூன்றின் உள்ளும் 2,143 சிசி கொண்ட ஒரே நான்கு உருளை யந்திரக் குடும்பம். முதலாவது 136 குதிரைச் சக்தி, இரண்டாவது 170, மூன்றாவது 204. கொள்ளளவு ஓர் அணுவும் மாறாதிருக்க, ஊட்டும் காற்றின் அமுக்கமும் எரிபொருளும் மாறியதால் சக்தி ஒன்றரை மடங்காயிற்று. எஸ் 350 டி, எஸ் 400 டி ஆகிய இரண்டும் இவ்வாறே 2,925 சிசி ஆறு உருளை டீசலின் இரண்டு படிகளாக விளங்கின.

ஆகவே இன்றைய எண்ணைச் சக்தியின் படியெண் என்று மட்டும் கொள்ள வேண்டும். ஒரே வர்க்கத்தில், ஒரே தலைமுறையில், ஒரே எரிபொருளில் ஓடும் இரண்டு வண்டிகளை ஒப்பிட்டால், எண் பெரிதாக உள்ளது சக்தி மிகுந்தது என்று தயங்காமல் சொல்லலாம். இந்த எல்லையைக் கடந்து ஒப்பிட்டால் எண்ணுக்கு அர்த்தமில்லை. சி 300 என்பதையும் இ 200 என்பதையும் வைத்துக்கொண்டு, முந்நூறு பெரிதாயிற்றே என்று சி வண்டியை உயர்ந்ததாகக் கருதுகிறவர், இடவசதியிலும் அந்தஸ்திலும் ஒரு படி தாழ்ந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தவராவார். வேகம் ஒன்றே அவருக்கு வேண்டுமானால் அந்தத் தேர்வில் பிழையில்லை.

வாலெழுத்துகள்

எண்ணுக்குப் பின் வரும் சிறிய எழுத்தைக் கவனியாமல் விடக் கூடாது. 2015-க்கு முன் சிடிஐ, புளூடெக் என்றெல்லாம் நீளமாக எழுதப்பட்டவை, அதன்பின் 'டி' என்ற ஓரெழுத்தாகச் சுருங்கின. அது டீசலுக்கு அடையாளம். எழுத்து ஒன்றும் இல்லையானால் பெட்ரோல். 'இ' வந்தால், பெட்ரோல் யந்திரத்தோடு, வீட்டிலேயே மின்னேற்றிக்கொள்ளத்தக்க பாட்டரியும் மோட்டாரும் உண்டு. இ 300 டிஇ என்பதில் இரண்டு எழுத்தும் சேர்ந்து வருவதால், டீசலும் மின்சாரமும் கலந்தது என்று அறிக. 48 வோல்ட் துணை மின்னமைப்பு மட்டும் உள்ள வண்டிகளுக்கு இந்த 'இ' கிடையாது. அவற்றை வெளியிலிருந்து மின்னேற்ற இயலாது. விற்பனையாளர் 'ஹைப்ரிட்' என்று சொல்லும்போது எந்த வகை என்று கேட்டுத் தெளிவதற்கு இந்த ஓர் எழுத்தே போதும்.

'4மேட்டிக்' என்ற சொல் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்வதைக் குறிக்கும். அது இல்லாத சி, இ, எஸ் வண்டிகளில் பின்சக்கரங்களும், ஏ, பி வண்டிகளில் முன்சக்கரங்களும் வண்டியைச் செலுத்துகின்றன.

முழுவதும் மின்சாரத்தால் ஓடும் வண்டிகளுக்கு 2019 முதல் 'இக்யூ' என்பது முன்னெழுத்தாயிற்று: இக்யூஏ, இக்யூபி, இக்யூசி, இக்யூஇ, இக்யூஎஸ். கடைசி எழுத்தைக் கொண்டு வர்க்கத்தை அறிகிற அதே விதி இங்கும் செல்லும். எண்ணுக்குப் பின் கூட்டல் குறி வந்தால் பெரும்பாலும் அதிக தூரம் ஓடுவது என்று பொருள்: இக்யூஏ 250-ல் 66.5 கிலோவாட்-மணி பாட்டரி. இக்யூஏ 250+ வண்டியில் 70.5. ஆனால் இந்த முன்னெழுத்துக்கு ஆயுள் குறைவு. 2024-ல் மின்சார ஜி வண்டி வந்தபோது அதை 'இக்யூ தொழில்நுட்பம் கொண்ட ஜி 580' என்று அழைத்தார்கள். மறு வருஷம் வந்த மின்சார சிஎல்ஏவும் அவ்வாறே பெயர் பெற்றது. தலையில் இருந்த எழுத்து வாலுக்குப் போய், மின்சார வண்டியும் பெட்ரோல் வண்டியும் ஒரே குடும்பப் பெயரைத் தாங்கத் தொடங்கியுள்ளன.

ஏஎம்ஜி, மேபாக்

வேகத்தை விரும்புகிறவர்களுக்கு ஏஎம்ஜி. பின்னிருக்கையில் அமர்ந்து செல்கிறவர்களுக்கு மேபாக். 1967-ல் ஹான்ஸ் வெர்னர் ஆஃப்ரெக்ட், எர்ஹார்ட் மெல்ச்சர் ஆகிய இருவர் தனிப்பட்ட முறையில் தொடங்கிய பட்டறையே ஏஎம்ஜி. இன்று அது பென்ஸ் ஸ்தாபனத்துக்கே உரியது. அதன் வண்டிகளில் எண் இரண்டிலக்கமாக இருக்கும்: 35, 43, 45, 53, 63 என்று ஏறிச் செல்லும்.

இவற்றுள் 63 என்ற எண்ணின் கதை, இந்த அத்தியாயம் முழுவதற்கும் சாக்ஷி. 1968-ல் வந்த 300 எஸ்இஎல் 6.3 என்னும் வண்டியின் நினைவாக, 6,208 சிசி கொண்ட வி8 யந்திரத்துக்கு ஏஎம்ஜி இந்த எண்ணை இட்டது. சி 63 முதலில் அந்த யந்திரத்தோடு வந்தது. அடுத்த தலைமுறை சி 63-ல் இருந்தது 3,982 சிசி வி8. இரட்டை டர்போ உடையது. 2022-ல் அறிமுகமான தலைமுறையில் எட்டு உருளைகளும் போய், 1,991 சிசி நான்கு உருளை யந்திரமும் ஒரு மின்மோட்டாரும் வந்தன. மொத்தச் சக்தி மட்டும் 680 குதிரைகளாக உயர்ந்தது. ஆறு லிட்டர், நான்கு லிட்டர், இரண்டு லிட்டர் என்று யந்திரம் தேய, எண் அதே 63. முதல் தலைமுறையின் ஓசையை எண்ணிக்கொண்டு கடைசித் தலைமுறையை வாங்குகிறவர் ஏமாற்றமடைவார். சக்தி ஒன்றையே கருதி வாங்குகிறவர் திருப்தியடைவார்.

'ஏஎம்ஜி லைன்' என்பது வேறு. சாதாரண யந்திரம் கொண்ட வண்டிக்கு ஏஎம்ஜி பாணியில் முகப்பும் சக்கரங்களும் பொருத்தும் அலங்காரத் தொகுப்பு அது. சக்கரத்தில் அந்த மூன்றெழுத்து இருப்பதைக் கண்டு கூடுதல் விலை கொடுத்துவிடக் கூடாது.

மேபாக் தனிப் பெயராக 2002-ல் உயிர்த்தெழுந்தபோது 57, 62 என்ற இரு வண்டிகள் வந்தன. அந்த எண்களுக்கும் யந்திரத்துக்கும் சம்பந்தமில்லை; ஒன்று ஏறக்குறைய 5.7 மீட்டரும் மற்றது 6.2 மீட்டரும் நீளமுள்ளவை. இன்று மேபாக் என்பது எஸ் வர்க்கத்துக்கும் ஜிஎல்எஸ் வர்க்கத்துக்கும் மேல் சூட்டப்படும் பட்டம். இப்போதைய மேபாக் எஸ் வண்டியில், நீட்டிய எஸ்-கிளாஸைக் காட்டிலும் சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளம் 18 சென்டிமீட்டர் அதிகம். அந்த இடம் முழுவதும் பின்னிருக்கைக்காரருக்கு.

சென்னையை அடுத்த ஒரகடத்தில் கட்டப்படும் பாரத்பென்ஸ் லாரிகளின் பெயரிலும் பென்ஸ் உண்டு என்றாலும், அவை 2021 டிசம்பரில் தனியே பிரிந்த டைம்லர் டிரக் நிறுவனத்தைச் சேர்ந்தவை. இங்கே சொன்ன விதிகள் அவற்றுக்குப் பொருந்தா.

பெயருக்குள் மறைந்த எண்

பின்புறத்தில் பொறிக்கப்படாத இன்னொரு பெயர் ஒவ்வொரு வண்டிக்கும் உண்டு. கம்பெனியாரும் மெக்கானிக்குகளும் உதிரிப் பாகக் கடைக்காரர்களும் அதைத்தான் வழங்குகிறார்கள். டபிள்யூ 124, டபிள்யூ 212, டபிள்யூ 213 என்பவை மூன்றும் இ-கிளாஸே, தலைமுறைகள் வேறு. முன்னெழுத்து உடலைக் காட்டும்: 'டபிள்யூ' சாதாரணச் செடான், 'வி' நீட்டியது, 'சி' கூபே, 'ஏ' திறந்த கூரை, 'எக்ஸ்' பெரும்பாலும் உயரமான வண்டி.

இந்திய வாசகருக்கு இதனால் நேரடியான பிரயோஜனம் உண்டு. 2017 முதல் புனேயை அடுத்த சாகனில் கட்டப்பட்ட இ-கிளாஸ், நீட்டிய வி 213 வகை; சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளம் 3,079 மில்லிமீட்டர். ஐரோப்பாவில் விற்ற டபிள்யூ 213-ல் அது 2,939 தான். இரண்டும் இ 220 டி என்றே அழைக்கப்பட்டன. வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்த விமரிசனத்தைக் கொண்டு இங்குள்ள வண்டியின் பின்னிருக்கையை மதிப்பிடுவதும், இணையத்தில் டபிள்யூ 213-க்கான பின்கதவை வரவழைப்பதும் இதனால்தான் தவறாகின்றன.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

முதலில், முன்னெழுத்தைக் கொண்டு வர்க்கத்தை நிச்சயம் செய்யுங்கள். உங்கள் குடும்பத்துக்கும் வண்டிக் கொட்டகைக்கும் எந்த அளவு பொருந்தும் என்பது அங்கேயே தீர்மானமாகிவிடும். இரண்டாவதாக, வாலெழுத்தைக் கொண்டு எரிபொருளையும் 4மேட்டிக் உண்டா இல்லையா என்பதையும் நிச்சயம் செய்யுங்கள். மூன்றாவதாக, உற்பத்தி வருஷத்தையும் தலைமுறை எண்ணையும் கேட்டு எழுதிக்கொண்டு, அதன் பிறகே நடுவெண்ணின் பக்கம் திரும்புங்கள்.

பழைய வண்டியானால் இன்னும் ஒரு படி உண்டு. பின்புறத்துப் பொறிப்பைக் கழற்றுவதும் வேறொன்றை ஒட்டுவதும் சில நிமிஷ வேலை. சி 200 வண்டியைச் சி 63 ஆக்க ஒரு கடைத்தெரு வில்லை போதும். ஆர்.சி. புத்தகத்தில் குறித்துள்ள கொள்ளளவையும் எரிபொருளையும் படித்து, அவை அந்தப் பெயருக்கும் அந்த வருஷத்துக்கும் உரியவைதாமா என்று ஒத்துப் பாருங்கள். 190-ம் 500 இ-யும் விற்ற காலத்தில் ஜெர்மனியில் கட்டிய வண்டிகளில் சேஸிஸ் எண்ணின் முதல் மூன்று எழுத்துகளுக்கு அடுத்த ஆறு இலக்கங்களே வண்டியின் மெய்யான பெயர்: 201024 என்று வந்தால் அது 190 இ, 124030 என்று வந்தால் 300 இ, 124036 என்று வந்தால் 500 இ. பொறிப்பும் இந்த இலக்கங்களும் முரண்பட்டால் இலக்கங்களை நம்புங்கள். விற்பவர் எவ்வளவு மரியாதைக்குரியவராக இருந்தாலும் அங்கே பேரத்தை நிறுத்திவிடுங்கள்.